ஏர்போர்ஸ்காரர் வீட்டு விறகு

சங்கரன்கோவில்
22.9.83

அன்புள்ள மருதண்ணனுக்கு,

உன் தங்கை வள்ளி எழுதுவது. இங்கே நாங்கள் மூன்று பேரும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். நீயும் அங்கே அப்படியே இருக்க வேண்டும் என்று கோமதியம்மனிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

ஆவணியில் எழுதிய கடிதத்துக்கு உன்னிடமிருந்து பதில் வரவில்லை. பூனாவில் நல்ல மழை என்று ரேடியோவில் சொன்னார்கள், அதனால் தபால் தாமதமாகிறது என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா நம்பவில்லை. "மழைக்கும் தபாலுக்கும் என்னட்டி சம்பந்தம்? ஒங்க அப்பாவைப் போல நீயும் மழையவே கட்டிக்கிட்டு அழு" என்றாள். லேத் பட்டறையில் உனக்கு ராத்திரி வேலை மாற்றிவிட்டார்களா? கையில் பட்ட இரும்புத் தூள் காயம் ஆறிவிட்டதா? இது இரண்டுக்கும் மட்டுமாவது பதில் எழுது.

அம்மாவுக்கு ஆடி மாதம் திருநெல்வேலியில் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது தெருவில் போகிறவர்களை நடையை வைத்து அல்லாமல் முகத்தை வைத்தே சொல்கிறாள். ஊசியில் நூல் மட்டும் நான்தான் கோத்துக் கொடுக்க வேண்டும். கண் தெரிய ஆரம்பித்ததும் என் மேல் குற்றம் கண்டுபிடிப்பது கூடியிருக்கிறது. அடுப்படிச் சுவரில் இவ்வளவு கரியா என்று என்னைக் கேட்டாள். எட்டாம் வகுப்போடு நின்று இந்த அடுப்படிக்குள் வந்த நாளில் இருந்து அந்தக் கரி அங்கேதான் இருக்கிறது.

அப்பா எப்போதும் போலத்தான். காலை எட்டரை மணிக்கு முற்றத்துக்குப் போய் அந்த மழைமானியைத் திறந்து பார்க்கிறார். உள்ளே இருக்கும் பாத்திரத்தைக் கண்ணாடிக் குழாயில் கவிழ்க்கிறார். ஒரு சொட்டும் விழுவதில்லை. திரும்ப மூடிவிட்டு வருகிறார். ஏர்போர்ஸ் பட்டாளத்திலும், பிறகு ரிட்டையர் ஆகும்வரை வானிலை ஆபீஸிலுமாகச் சேர்த்து அவர் ஆயுசில் பெரும் பகுதி இப்படித்தானே போயிருக்கிறது. போர்ட் பிளேரில் நாம் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது அப்பா காற்றளக்கும் பலூன் விடுவதைப் பார்க்க நீ என்னைத் தூக்கிக்கொண்டு ஓடியது எனக்குக் கனவு போல ஞாபகம் இருக்கிறது. இங்கே பலூன் இல்லை. அந்தத் தகர மழைமானி மட்டும்தான்.

எதிர்வீட்டு முருகம்மாக்கா ஒருநாள் கேட்டேவிட்டார்கள். "ஏ அண்ணாச்சி, காலியாக் கெடக்கதைத் தெனம் எதுக்குத் தொறந்து பாக்கிய?" அப்பா, "காலியாக் கெடக்குன்னும் ஒருத்தன் பாக்கணும்லா" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டார். முருகம்மாக்காவுக்கு அது பெரிய தத்துவமாகத் தெரிந்துவிட்டது போல. போன சனிக்கிழமை பார்த்தால் மழைமானிக்குக் குங்குமம் வைத்து, மூடி மேல் ஒரு செவ்வரளியும் வைத்திருக்கிறார்கள். அப்பா துணியால் துடைத்தார். இன்றைக்கும் பூ இருந்தது. இன்றைக்கும் துடைத்தார்.

போன வருஷம் மழை பொய்த்ததில் இருந்து எல்லோருக்கும் அப்பாவிடம் ஒரே கேள்விதான். பஸ்ஸில் கேட்கிறார்கள், சவரக் கடையில் கேட்கிறார்கள், கோயிலில் சாமி கும்பிடும்போது கேட்கிறார்கள். யார் கேட்டாலும், "எனக்குத் தெரியாது" என்கிறார். பஸ் ஸ்டாண்டு பக்கம் குடை ரிப்பேர் செய்யும் மைதீன் பாட்சா அண்ணாச்சி, "ஏரோப்ளேனுக்கே மழை சொன்ன ஆளு, ஏங் குடைக்கடைக்கு ஒரு வார்த்தை சொல்லப்பிடாதா? சொன்னா பாதி ஒங்களுக்கு" என்று கேலி பண்ணினாராம். அதற்கும் சிரிப்புத்தான். ரொம்பக் கர்வம் பிடித்த மனுஷன் என்று தெருவில் ஒரு பேச்சு இருக்கிறது. கர்வம் இல்லை என்று எனக்குத் தெரியும். என்னவென்று சொல்லத்தான் தெரியவில்லை.

முந்தாநாள் ஒரு வேடிக்கை நடந்தது. குருவிகுளத்தில் இருந்து துரைப்பாண்டி சித்தப்பா ஒரு வண்டி விறகு அனுப்பியிருந்தார். வண்டிக்காரர் அதை முற்றத்தில் மழைமானிக்குப் பக்கத்திலேயே மலையாக அடுக்கிவிட்டுப் போய்விட்டார். மழைமானிக்குப் பக்கத்தில் உயரமாக எதுவும் இருக்கக் கூடாதாம், சாரலை மறைத்துவிடுமாம். மழையே இல்லாத ஊரில் எந்தச் சாரலை மறைக்கப் போகிறது? ஆனாலும் அப்பா சொன்னால் சொன்னதுதான். மண்டை பிளக்கும் வெயிலில் அப்பாவும் அம்மாவும் நானுமாக அத்தனை விறகையும் பின்னால் ஓட்டுச் சாய்ப்புக்குள் கொண்டுபோய் அடுக்கினோம்.

ஏர்போர்ஸ்காரர் வீட்டில் விறகை உள்ளே வைக்கிறார்கள் என்று முருகம்மாக்கா பார்த்துவிட்டார்கள். சாயந்திரத்துக்குள் தெரு முழுக்க விறகு, வறட்டி, மிளகாய் வற்றல், பாய் எல்லாம் உள்ளே போய்விட்டது. மழை வருவதை வாயால் சொல்லாவிட்டால் என்ன, வீட்டைப் பார்த்தால் தெரியாதா என்று பேசிக்கொண்டார்களாம். அம்மாவும் நானும் உள்ளே வந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். வெளியே போய்ச் சொல்லியிருக்கலாம். எனக்குத்தான் தெருவில் நாலு பேர் நின்றால் குரலே வராதே.

அண்ணே, தீபாவளி வரப்போகிறது. நீ வந்து இரண்டு தீபாவளி ஆகிவிட்டது. பெங்களூரில் ஏர்போர்ஸ் ட்ரெயினிங்கைப் பாதியில் விட்டுவிட்டு நீ வந்து நின்ற காலையில் நான் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா உன்னைப் பார்த்தார். உன் பெட்டியைப் பார்த்தார். ஒரு வார்த்தை பேசாமல் மழைமானியிடம் போய்விட்டார். நீ சாயந்திரம் வரைக்கும் காத்திருந்தாய். அதன் பிறகு நீ போனதும் எனக்குத் தெரியும். நான் யாரையும் குறை சொல்லவில்லை. அம்மா அதிரசத்துக்கு வெல்லம் வாங்கி வைத்துவிட்டாள். நீ வருவாய் என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை, அவளாகவே வாங்கினாள்.

வரப் பார்.

உன் வரவை எண்ணியிருக்கும்,
வள்ளித்தாய்


சங்கரன்கோவில்
14.10.83

அன்புள்ள அண்ணனுக்கு,

வள்ளி வணக்கத்துடன் எழுதுகிறேன். நீ போட்ட கார்டு வந்தது. கை ஆறிவிட்டது என்று படித்ததும் அம்மா கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், அவளுக்குப் படிக்கத் தெரியாது என்றாலும். கடைசி வரியை மட்டும் நான் அவளுக்குப் படிக்கவில்லை. "அப்பா தன் வாயால் ஒரு வார்த்தை கூப்பிட்டால் வருகிறேன், இல்லையென்றால் என்னை எதிர்பார்க்க வேண்டாம்" என்று எழுதியிருந்தாயே, அதை.

அதை அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் கார்டை ரேடியோப் பெட்டி மேல் வைத்தேன். செய்தி கேட்க வரும்போது கண்ணில் படட்டும் என்று. மறுநாள் காலையில் கார்டு அங்கேயே இருந்தது. அதன் மேல் அப்பாவின் கண்ணாடி இருந்தது. படித்தாரா, கண்ணாடியைக் கழற்றி வைக்க அது ஒரு இடம் என்று வைத்தாரா என்று எனக்குத் தெரியவில்லை. அவர் கேட்கவும் இல்லை, நான் சொல்லவும் இல்லை. இந்த வீட்டில் எல்லாம் இப்படித்தான் நடக்கிறது.

அதற்குள் வேறொன்று நடந்துவிட்டது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

விறகை உள்ளே வைத்ததை வேடிக்கை என்று எழுதியிருந்தேன் அல்லவா? அது வேடிக்கையாக முடியவில்லை. நம் தெருவில் இருந்து யாரோ குருவிகுளம் பஸ்ஸில் போகும்போது, ஏர்போர்ஸ்காரர் வீட்டில் மழைக்கு எல்லாம் தயார் என்று சொல்லியிருக்கிறார்கள். சித்தப்பா ஊரில் அப்போது புழுதி உழுதுபோட்டு, விதைக்கலாமா, இன்னும் பொறுக்கலாமா என்று எல்லோரும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த நேரம். நேரில் வந்து கேட்டால் அண்ணன் சொல்லமாட்டார் என்று சித்தப்பாவுக்குத் தெரியும். அதனால் கேட்கவே இல்லை. காய்ந்த மண்ணில் பருத்தியும் உளுந்தும் விதைத்துவிட்டார். சொந்தத் தம்பியே விதைக்கிறான் என்று அவர் ஊர்க்காரர்களும் விதைத்திருக்கிறார்கள்.

அந்த வாரமே ஒரு தூறல் விழுந்தது. உனக்குத் தெரியுமே, சுத்தமாகப் பெய்யாமல் இருந்தாலும் விதை மண்ணுக்குள் பத்திரமாகக் கிடக்கும். அரைகுறைத் தூறல்தான் ஆபத்து. விதையெல்லாம் முளைத்தது. பிறகு வெயில். முளைத்தது அத்தனையும் கருகிவிட்டது.

போன ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா வந்தார். செருப்பைக் கழற்றாமல் முற்றத்திலேயே நின்றார். துண்டு முனையில் முடிந்து கொண்டுவந்திருந்த கருகிய முளைகளை அப்பா முன்னால் உதறினார். "பாருங்கண்ணே, நீங்க சொன்ன மழை" என்றார்.

அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "நான் எங்கலே மழை சொன்னேன்?" என்று கேட்டார்.

"நீங்க சொல்லல. ஒங்க வெறகு சொல்லிச்சு" என்றார் சித்தப்பா.

அப்பா என்னைக் கூப்பிட்டு, "ஏட்டி வள்ளி, வெறகை எதுக்கு உள்ள வச்சோம்? சொல்லு ஒங்க சித்தப்பாட்ட" என்றார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். இரண்டாம் தடவை கேட்டபோது, "மழைமானிக்கு மறைக்குன்னு" என்றேன். சித்தப்பா சிரித்தார் அண்ணே. அவர் கோபப்பட்டிருந்தால்கூட எனக்கு அவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது.

"மழைமானிக்கு மறைக்குன்னா! தகர டப்பாவுல மழை விழுததுக்கு எடம் ஒதுக்குனிய. எங் காட்டுல எப்பம் விழும்னு ஒரு வார்த்தை சொல்ல வாய் வரல. பட்டாளத்துல ஆபீசருக்குச் சொன்னிய, கவர்மென்டுக்குச் சொன்னிய. கூடப் பொறந்தவனுக்குச் சொன்னா என்ன கொறஞ்சா போவிய?"

அம்மா மோர் கொண்டுவந்து நீட்டினாள். சித்தப்பா வாங்கவில்லை. அப்பா குனிந்து அந்த முளைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். பிறகு சாய்ப்பில், அந்த விறகுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, "ஒரு தடவ சொன்னேன்லே" என்றார்.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்தவரை எழுதுகிறேன்.

சீனச் சண்டை நடந்த வருஷம் அப்பா அஸ்ஸாமில் ஒரு விமானத்தளத்தில் இருந்தார். நீ கைக்குழந்தை, அம்மாவுடன் மேலநீலிதநல்லூரில் இருந்தாய். மலைக்கு மேலே இருந்த சிப்பாய்களுக்கு அரிசியும் மருந்தும் விமானத்தில் கொண்டுபோய்ப் போட வேண்டும். தினமும் காலையில் அப்பா பலூன் விட்டு, அது போகும் வழியைத் தொலைநோக்கிக் குழாயில் பார்த்து, மேலே காற்று எப்படி அடிக்கிறது என்று கணக்குப் போட்டுக் கொடுப்பார். மேகம் விலகுமா, விமானம் போகலாமா என்று சொல்வது அவர் வேலை இல்லை. அதற்கு மேலே ஆபீசர் இருந்தார். ஒரு நாள் ஆபீசர் இருந்த இடத்துக்கு டெலிபோன் கிடைக்கவில்லை. விமானி அப்பாவிடம் வந்து, "நீ தினமும் பார்க்கிறாய், உனக்கு என்ன தோன்றுகிறது, மலை மேல் மேகம் திறக்குமா?" என்று கேட்டிருக்கிறார். மேலே சிப்பாய்கள் பட்டினி. அப்பா, "திறக்கும்" என்று சொன்னார். அவருக்கு அப்படித்தான் தோன்றியதாம். பலூனும் அப்படித்தான் காட்டியதாம்.

அந்த விமானம் திரும்பி வரவில்லை. அதில் மூட்டைகளைக் கீழே தள்ளிவிடும் வேலையில் உச்சிமாகாளி என்று ஒருவர் இருந்தாராம். புளியங்குடிக்காரர். முந்தின நாள் அப்பாவிடம் வந்து ஊறுகாய் வாங்கிக்கொண்டு போனாராம்.

"ஒங்கள யாரும் குத்தம் சொன்னாகளாண்ணே?" என்று சித்தப்பா கேட்டார். இதைக் கேட்கும்போது அவர் குரல் இறங்கிவிட்டது. எப்போது கீழே உட்கார்ந்தார் என்று நான் பார்க்கவில்லை.

"ஒருத்தரும் ஒரு வார்த்தை கேக்கல. மோசமான வானிலைன்னு எழுதி முடிச்சிட்டாவ. யாராவது கேட்டிருந்தா நல்லாருந்திருக்கும்" என்றார் அப்பா. மறுவருஷம் பட்டாளத்தை விட்டுவிட்டு வந்தார். வானிலை ஆபீஸில் சேர்ந்த பிறகும் இத்தனை மழை பெய்தது, இத்தனை வெயில் அடித்தது என்று நடந்து முடிந்ததைச் சொல்லும் வேலையாகவே கேட்டு வாங்கிக்கொண்டாராம். மினிக்காய், பாம்பன் என்று யாரும் போகப் பிரியப்படாத இடங்களுக்கு எல்லாம் நம்மை ஏன் கூட்டிக்கொண்டு அலைந்தார் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

சித்தப்பா சும்மா இருந்திருக்கலாம். ஆனால் அவர் உன் பேச்சை எடுத்தார். "அதுக்காவ இப்படியா வாயைக் கட்டிக்கிடுவிய? ஊர்க்காரன விடுங்க. பெத்த மவன்ட்டயும் பேசாம இருந்து அவனையும்லா வெரட்டிட்டிய."

அப்பா நிமிர்ந்து பார்த்தார். "நான் வெரட்டுனனா?" என்றார். எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். உண்மையாகவே அவருக்குத் தெரியவில்லை அண்ணே. பிறகு சொன்னது இதுதான், ஒரு வார்த்தை கூட்டாமல் எழுதுகிறேன்: "அவன் அந்த வேலைய விட்டுட்டு வந்து நின்னப்பம் எனக்கு உசுரு திரும்பி வந்துச்சுலே. இனி ஒருத்தனும் அவன்ட்ட வந்து மேகம் தொறக்குமான்னு கேக்கமாட்டான்னு இருந்துச்சு. புள்ள தோத்துட்டு வந்து நிக்கான். நான் சந்தோசப்பட்டா நல்லாவா இருக்கும்? அதான் ஒண்ணும் சொல்லல."

அம்மா மோர்த் தம்ளரைத் தரையில் டங்கென்று வைத்தாள். "இதை அன்னைக்கே சொல்லித் தொலைக்கப்பிடாதா! எம்புள்ள ரெண்டு வருசமா எவ ஊத்துத கஞ்சியையோ குடிச்சிக்கிட்டுக் கெடக்கான்" என்று கத்தினாள். அம்மா அப்பாவிடம் கத்தி நான் பார்த்ததே இல்லை. சித்தப்பாகூடக் கொஞ்சம் பின்னால் நகர்ந்துகொண்டார்.

அதன் பிறகு நான் யோசித்துக்கொண்டே இருக்கிறேன். நீ ஏர்போர்ஸில், அதுவும் அப்பா இருந்த அதே பிரிவில் சேரப்போனாயே, அப்பா சொல்லியா போனாய்? எனக்கு ஞாபகம் இருக்கிறவரை அவர் சொல்லவே இல்லை. சுவரில் அவர் ஏர்போர்ஸ் சட்டை போட்ட படம் மாட்டியிருந்தது. அவருக்கு அதுதான் ஆசை என்று நாமாகவே நினைத்துக்கொண்டோம். அந்தப் படத்தை மாட்டியதுகூட அம்மாதான்.

அண்ணே, நீ கேட்ட வார்த்தை இது இல்லை என்று எனக்குத் தெரியும். அவர் உன்னைக் கூப்பிடவில்லை. நான் போய் அவரிடம் கேட்டு வாங்கி எழுதினால் அது என் வார்த்தையாகத்தான் இருக்கும். அதனால் கேட்கவில்லை. நான் காதால் கேட்டதை எழுதிவிட்டேன். இதற்கு மேல் எனக்குச் செய்யத் தெரியவில்லை.

இந்தக் கடிதத்தை எப்போதும் போல முருகம்மாக்காவிடம் கொடுத்துப் பெட்டியில் போடச் சொல்லவில்லை. நானே போஸ்டாபீஸுக்குப் போகப் போகிறேன்.

உன் மேல் பிரியமுள்ள,
வள்ளி


சங்கரன்கோவில்
26.10.83

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் எல்லோரும் சுகம். கடிதத்துக்கு உன் பதில் இன்னும் வரவில்லை. வருவதற்குள் இதை எழுதுகிறேன், ஏனென்றால் இனிமேல் எழுதினால் நீ ரயில் ஏறுவதற்குள் கிடைக்காது.

அன்றைக்கு வந்துபோன பிறகு சித்தப்பா மறுபடி வரமாட்டார் என்று நினைத்தேன். ஆனால் அப்பாவே கிளம்பிக் குருவிகுளம் போய்விட்டார். இங்கே வந்து இத்தனை வருஷத்தில் அவராக ஒரு வீட்டுக்குப் போனது இதுதான் முதல் தடவை. அம்மா தீபாவளி வடைக்கு என்று வைத்திருந்த முழு உளுந்தை விதைக்குக் கொடுத்தனுப்பினாள். "வடை இல்லாத தீபாவளியா?" என்று நான் கேட்டேன். "வடையை எந்த வருசமும் திங்கலாம்" என்று சொல்லிவிட்டாள்.

அங்கே சித்தப்பாவின் காட்டில் அப்பாவைச் சுற்றிப் பத்து இருபது பேர் கூடிவிட்டார்களாம். எல்லோரும் கோபத்தோடுதான் வந்தார்கள் என்று, அப்பாவைத் திரும்பக் கொண்டுவந்து விட்ட சித்தப்பா சொன்னார். அப்பா எழுந்து நின்று, "ஒங்களுக்கு நான் ஒண்ணும் சொல்லல. ஆனா சொல்லாம இருந்ததும் தப்புத்தான். எனக்குத் தெரிஞ்ச மட்டும் இப்பம் சொல்லுதேன்" என்று ஆரம்பித்தாராம். மேற்கே இருந்து வந்த காற்று நின்றுவிட்டது, கிழக்கே இருந்து அடிக்க ஆரம்பிக்கிறது, கடலில் ஏதோ கூடுவதாக ரேடியோவில் சொல்கிறார்கள், அதனால் தீபாவளிக்கு முன்னே பின்னே நல்ல மழைக்கு வாய்ப்பு உண்டு. ஆனால் நிச்சயம் இல்லை. மீதி விதையைப் புழுதியில் போடாதீர்கள், மண் ஒரு சாண் ஆழத்துக்கு நனையட்டும், பிறகு போடுங்கள். இவ்வளவுதான் சொன்னாராம்.

அதில் ஒரு பெரியவர், "இது எங்களுக்கே தெரியுமே வே" என்றாராம். அப்பா, "எனக்கும் இவ்வளவுதான் தெரியும்" என்றாராம். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு ஒருவர் இளநீர் வெட்டிக்கொண்டு வந்தாராம். சித்தப்பா அதைச் சொல்லும்போது, "நெச்சயமா மழை வரும்னு அடிச்சுச் சொல்லியிருந்தா எனக்கு நம்பிக்கை வந்திருக்காது பிள்ள. ஒருவேளைன்னு சொன்னாரு பாத்தியா, அதாம் நம்புதேன்" என்றார்.

முருகம்மாக்காவுக்குத்தான் இது பிடிக்கவில்லை. "ஒருவேளை, ஒருவேளைன்னு சொல்லதுக்கா இவ்வளவு காலம் கவர்மென்ட் சம்பளம் குடுத்தான்?" என்று கேட்கிறார்கள். ஆனாலும் மழைமானிக்குப் பூ வைப்பதை நிறுத்தவில்லை. அப்பா இப்போது குங்குமத்தை மட்டும் துடைக்கிறார். பூவை எடுத்து என்னிடம் கொடுக்கிறார்.

இன்றைக்கு நடந்ததுதான் முக்கியம். காலையில் அப்பா என்னிடம், "ஏட்டி, பூனால இருந்து வாரவன் மெட்ராஸ்ல எறங்கி கொல்லம் மெயில்தான் பிடிக்கணும், இல்லியா?" என்று கேட்டார். யார் வருகிறார் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஆமாம் என்றேன். "அந்த வண்டி வரும்போது மழை இருக்கும். இருக்கலாம். நம்ம ஸ்டேஷன்ல ஒதுங்க எடம் கொஞ்சந்தான்" என்று சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

திரும்பி வரும்போது கையில் ஒரு புதுக் குடை. மைதீன் பாட்சா அண்ணாச்சி கடையில் வாங்கியது. நம் வீட்டில் ஏற்கெனவே ஒரு குடை இருக்கிறது, நல்ல குடைதான். இரண்டாவது குடை எதற்கு என்று அம்மா கேட்கவில்லை. அடுப்படிக்குள் போய் வெல்லத்தை எடுத்துத் தட்ட ஆரம்பித்துவிட்டாள்.

அப்பா வீடு வந்து சேருவதற்குள் செய்தி வந்து சேர்ந்துவிட்டது. ஏர்போர்ஸ்காரர் காசு கொடுத்துக் குடை வாங்கிவிட்டார்! மைதீன் அண்ணாச்சி கடையில் ஒரே கூட்டமாம், பழைய குடைகளை எல்லாம் ரிப்பேருக்குக் கொண்டுவந்து போட்டுவிட்டார்களாம். தெருவில் மறுபடி விறகை உள்ளே கொண்டுபோக ஆரம்பித்தார்கள். குருவிகுளம் பஸ் சாயந்திரம் கிளம்பும். அதில் யாராவது ஏறிப் போய், குடை வாங்கிவிட்டார் என்று சொன்னால் மறுபடி புழுதியில் விதைத்துவிடுவார்கள். அப்பா அப்போது குளித்துக்கொண்டிருந்தார்.

அண்ணே, நான் தெருவுக்குப் போனேன். நடுத்தெருவில் முருகம்மாக்கா, இன்னும் ஐந்தாறு பேர், முன்பின் தெரியாத ஆண்களும் நின்றிருந்தார்கள். நான் சொன்னேன், "குடை மழைக்கில்ல. எங்க அண்ணனுக்கு." குரல் கொஞ்சம் கிறீச்சென்று வந்தது, ஆனால் வந்தது. எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். முருகம்மாக்கா தலையில் இருந்த விறகுக் கட்டைக் கீழே போட்டுவிட்டு, "ஏட்டி, நீ பேசுவியா?" என்றார்கள். அப்புறம்தான், "மருதன் வாரானா?" என்று கேட்டார்கள்.

அதற்குப் பதில் எனக்குத் தெரியாது. ஒருவேளை என்று சொல்லிவிட்டு ஓடி வந்துவிட்டேன்.

இதை எழுதி முடித்து ஒட்டப் போகும்போது அப்பா பக்கத்தில் வந்து நின்றார். "கீழ கொஞ்சம் எடம் விடுட்டி" என்றார். விட்டிருக்கிறேன். என்ன எழுதுவார் என்று எனக்குத் தெரியாது, நான் பார்க்கப் போவதும் இல்லை. அப்படியே மடித்துக் கொண்டுபோய்ப் பெட்டியில் போட்டுவிடுவேன்.

நீ எங்கே இருந்தாலும் நன்றாக இரு அண்ணே. வழியில் கவனமாக வா.

உன் தங்கை,
வள்ளித்தாய்

மருதப்பனுக்கு,
நவம்பர் முதல் வாரத்தில் தென் தமிழ்நாட்டில் வானம் மேகமூட்டமாக இருக்கும். அநேக இடங்களில் மழை பெய்யலாம். பெய்யாமலும் போகலாம்.
நீ வா.
அப்பா